மலையில் ஒளிய இடமில்லை என்றேன்

என் தம்பி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறான். லீவு கிடைத்தால் மலையேறப் போய்விடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் செந்தோசாவில் என் வீட்டுக்கு வந்தவன், உலுசிலாங்கூர் மலைக்காட்டில் பெரிய மிருகம் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னான். கரடியைவிடப் பெரியதாம், இரண்டு காலில் நின்றதாம், இதுவரை யாருமே கண்டுபிடிக்காததாம்.

இந்த மாதிரிக் கதை விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மலையைச் சுற்றி வீடும் ரோடும், மேலே ட்ரோன் வேறு பறக்கிறது, அவ்வளவு பெரிய உருவம் எங்கே போய் ஒளியும் என்று கேட்டேன். போட்டோ இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் வாயை மூடு என்றும் சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது. அடுத்த வாரம் போட்டோ எடுக்கத் தனியாகப் போனவன் திரும்பி வரவில்லை.

தேடும் குழுவோடு நானும் போனேன். காட்டுக்குள் கால் வைத்த பிறகுதான் என் வாய்க்கொழுப்பு எனக்கே உறைத்தது. பத்தடி முன்னால் நடந்த மீட்பு வீரரின் ஆரஞ்சுச் சட்டையே மூங்கில் புதருக்குள் காணாமல் போனது. ட்ரோன் திரையில் பச்சையைத் தவிர ஒன்றுமில்லை. யானையே படுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. இரண்டாம் நாள் ஓர் ஓடைக்கரையில் நின்று, தொண்டை கிழிய அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. அங்கே ஆள் இல்லை என்று குழு வேறு பக்கம் திரும்பியது.

நான்காம் நாள், சமையலுக்குப் பெத்தாய்க் காய் பறிக்கப் போன பூர்வக்குடிக்காரர்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். அதே ஓடைக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் கிடந்தான். வழுக்கி விழுந்து உடைந்த கால் அதற்குள் அழுகியிருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

மிருகத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. நான் கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று மட்டும் கேட்டேன்.

"கேட்டுச்சுக்கா. ஒன் கொரல்தான். ஆனா காட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டா, அது ஆளா வேற எதாச்சுமான்னு தெரியாம ஏன்னு கேக்கக் கூடாதுலா. நீ என்னைக்கு என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்ட? எப்பவும் 'டேய்'தானே. அதான் சத்தம் போற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்."

அவன் சொன்னது சரிதான். அன்றும் என் வாயில் முதலில் 'டேய்' தான் வந்தது. சுற்றிலும் யூனிபார்ம் போட்டவர்கள் நின்றார்கள், அதில் இரண்டு பேர் தமிழர்கள். அவர்கள் முன்னால் அப்படிக் கத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.