களத்தில் காய்ந்த டிஸ்கோ தட்டுகள்

போன வாரம் கீழ்வேளூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கொள்முதல் நிலையத்தில் இடமில்லாமல், நனைந்த நெல்லைப் பாதி ரோடு வரைக்கும் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு அம்மா வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்தார். அந்தப் புழுங்கின வாசனை மூக்கில் ஏறினால் உங்களுக்குச் சோறு ஞாபகம் வரும். எனக்கு டிஸ்கோ ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது வலங்கைமானில் எனக்கு ரேடியோ செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவன். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் கலியமூர்த்தி பழக்கமானான். மீன்பிடிக் குடும்பம். சில வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு, மறுபடி அப்பாவின் படகுக்கே திரும்பியவன். நான் சாமி பாட்டை முடித்து இசைத்தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து, அக்குளில் இடுக்கியிருந்த ஒன்றை நீட்டினான்.

“அண்ணே, இத ஒரு தடவ போடுங்க. யாராவது திட்டுனா என் பேரச் சொல்லுங்க.”

திட்டத்தான் செய்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, “ஏம்ப்பா, பந்தலுக்குள்ள ஆயில் இன்ஜினக் கொண்டாந்து வச்சிருக்கியா?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அவருடைய கால் பெருவிரல் மணலில் தாளம் போட்டதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அது.

டிஸ்கோ, ஃபங்க் என்று அட்டையில் போட்டிருக்கும். எங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். அவன் சேர்த்ததெல்லாம் தொகுப்புத் தட்டுகள், ஒன்றில் பத்துப் பேர் பத்துப் பாட்டு. ஒரே ஆள் பாடின தட்டு ஆகாது. “ஒரே மீனையே எத்தன நாளைக்குண்ணே திங்கிறது,” என்பான். பாட்டுகளுக்கு நாங்களாகவே பேர் வைத்தோம். வலை இழுக்கிற பாட்டு, நாத்துமுடிப் பாட்டு, கோவிச்சுக்கிட்ட மச்சான் பாட்டு. கப்பல் கூட்டாளிகளிடம் சொல்லி வைப்பான். பழைய பேப்பர் கடை, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுப் பரண் என்று தஞ்சாவூர் வரைக்கும் அலைவோம். கிடைத்ததை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான், மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல.

அதில் ஒன்றுக்கு மஞ்சள் அட்டை. ஏதோ துறைமுக ஊரில் ஒரு சின்னக் கடைக்காரர் தானே அடித்து விற்றதாம். கம்பெனிப் பேர் இல்லை, பாட்டுப் பேர் இல்லை, பாடினவர் பேரும் இல்லை. ஒன்பது பாட்டு. அதே மாதிரி இன்னொரு தட்டை அவன் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

முப்பத்தேழு தட்டுகளும் என் வீட்டில்தான் இருந்தன. கடற்காற்றில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று அவனே கொண்டுவந்து ஒப்படைத்தான். “மாட்டுக்கு ஒரு தவிடு, மனுசனுக்கு ஒரு கிறுக்கு,” என்று சொல்லிக்கொண்டே என் மனைவி பீரோவின் அடி அறையைக் காலி செய்து கொடுத்தாள்.

ஒரு கார்த்திகையில் குடமுருட்டி ஆறு கரையை உடைத்துக்கொண்டது. தண்ணீர் வாசற்படி ஏறும்போது நான் முதலில் பரணில் ஏற்றியது என் ஆம்பிளிஃபயரை. அப்புறம் குழாய்கள். அப்புறம் விதைநெல். பீரோவுக்கு வந்தபோது முழங்கால் தண்ணீர். இதை அவனிடம் நான் சொல்லவே இல்லை. வெள்ளம் திடுதிப்பென்று வந்துவிட்டது என்றுதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் வடிந்தது. அட்டைகளெல்லாம் கூழ். தட்டுகளில் சேறு ஒட்டியிருந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. கழுவி, நிழலில் துடைத்து வைத்திருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் எது நனைந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். ஈரத்தோடு எதையும் உள்ளே சேர்க்காதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது. மழைவிட்ட வெயில் சுள்ளென்று அடித்தது. களத்து சிமெண்டுத் தரையில், நெல்லுக்குப் பக்கத்திலேயே முப்பத்தேழையும் பரப்பினேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு. நெல்லைப் போலவே நடுவில் ஒரு தடவை புரட்டியும் விட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஒவ்வொன்றும் எண்ணெயில் போட்ட அப்பளம்.

கலியமூர்த்தி விஷயம் கேள்விப்பட்டு அடுத்த வாரம் வந்தான். லேபிளின் நிறத்தை வைத்து அந்த மஞ்சள் அட்டைத் தட்டைக் கண்டுபிடித்து ஓடவிட்டான். முள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் துள்ளி வெளியே விழுந்தது. முள்ளை எடுத்து அதன் இடத்தில் வைத்தான்.

“நீங்க நெல்லுக்காரங்கண்ணே. வெயில்ல போடாம வேற என்ன செய்வீங்க,” என்றான்.

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தான், போய்வருகிறேன் அண்ணி என்று அவளிடம் சொல்லிக்கொண்டான், ஒரு தட்டையும் எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறினான்.

அப்புறம் நான்தான் அவனைத் தேடிப் போனேன். படகைப் பற்றிப் பேசுவான், டீசலைப் பற்றிப் பேசுவான். தஞ்சாவூரில் தேடிப்பிடித்து ஒரு தொகுப்புத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விளிம்பைப் பிடித்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவில்லை. “அதெல்லாம் விட்டாச்சுண்ணே,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். போன மாசியில் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆம்பிளிஃபயர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு சரி.

எல்லாம் போனிலேயே கிடைக்கும் என்கிறான் என் தங்கை மகன். உண்மைதான். கோணிப்போன தட்டுகளின் லேபிளைப் பார்த்துத் தட்டினான், வலை இழுக்கிற பாட்டுகூட வந்தது. மஞ்சள் அட்டைக்கு மட்டும் வழியில்லை. “பேரு தெரியலன்னா பாடிக் காமிங்க மாமா, அதுவே கண்டுபிடிக்கும்,” என்றான். கட்டைக் குரலில் தும் தும் என்று பாடிக் காட்டினேன். போன் யோசித்து யோசித்து வேறு எதையோ போட்டது.

அப்படி ஒரு தட்டு இருந்தது என்று சொல்ல இரண்டு பேர் இருந்தோம்.

பஸ் நெல்லின் மேலேயே ஏறிப் போனது. அந்த அம்மா ஒதுங்கி நின்று, மறுபடி துழாவ ஆரம்பித்தார். நான் முதல் பாட்டிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தேன். எட்டு வரைக்கும் வருகிறது. ஒன்பதாவது எப்படி ஆரம்பிக்கும் என்று கலியமூர்த்திக்குத்தான் தெரியும்.