குணாவின் அப்பாவுக்கு விழுந்த எண்

நான் என் நண்பன் குணாவின் அப்பாவைக் கொன்றேன். பொய் சொல்லிக் கொன்றேன்!

பதறாதீர்கள். மேசையில் ஆடிய ஆட்டத்தில்தான். ஆனாலும் இத்தனை வருடங்களாக இதை யாரிடமும் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை...

அப்போதெல்லாம் சனிக்கிழமை மாலையானால் ஈப்போ சிலிபினில் என் வீட்டில் நால்வர் கூடுவோம். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் கதாபாத்திரங்களாகப் பேசுவார்கள். சாவா பிழைப்பா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். கதை சொல்பவன் நான். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி நிறுத்திய தடுப்புக்குப் பின்னால் நான் உருட்டும் எண் எனக்கு மட்டுமே தெரியும்.

கதை நடந்த இடம், குணா பிறந்த ஆயர் தாவார் ரப்பர் தோட்டம். இன்று அங்கே எல்லாம் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இல்லை, பால்மரம் வெட்டிப் பால் எடுத்த அவன் அப்பாவும் இல்லை. தன் பாத்திரத்துக்கு அவர் பெயரையே வைத்திருந்தான் குணா. அவர் குரலிலேயே பேசுவான்.

"நெரைக்குள்ள புலி நிக்குது, யாரும் ஓடாதீங்கடா!"

உண்மையாகவே பயந்துபோவோம். என்ன மாலைகள் அவை! கோப்பி ஆறிப்போகும், கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் காலியாவதுகூடத் தெரியாது.

பிறகு தேர்தல் வந்தது. குணா ஒரு கட்சி, நான் வேறு கட்சி. கைப்பேசிக் குழுவில் எல்லோரும் பார்க்க என்னைக் கேட்டான்: "ஒன் ஆளுங்க இத்தன வருசமா நம்பளுக்கு என்னத்த கிழிச்சாங்க?" அதையே திரும்பத் திரும்பப் படித்துக் கொதித்தேன்.

அவன் கட்சி வென்றது. அடுத்த சனிக்கிழமை லட்டுப் பெட்டியோடு வந்தான்.

"மச்சான், அரசியல வாசல்லயே வுட்டுட்டு வந்துட்டேன்லா. வாயத் தொற."

அவனே ஊட்டினான். ஜெயித்தவனுக்கு மறப்பது எவ்வளவு சுலபம்!

அன்றைய கதையில் புலி அவன் அப்பா மேல் பாய்ந்தது. பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பார். உருட்டினேன். பதினேழு.

"மூணு," என்றேன்.

ஏன் சொன்னேன்? என் கட்சி தோற்றதற்கு அந்த மனிதர் என்ன செய்தார்? வாயில் லட்டு இன்னும் இனித்துக்கொண்டிருந்ததே...

குணா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினான். "பகடை அப்படி விழுந்தா நீ என்ன செய்வே, மச்சான்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

மற்ற இருவரும் வேலை தேடிச் சிங்கப்பூர் போய்விட்டார்கள். அவன் கட்சியும் என் கட்சியும் இன்று ஒரே மேடையில் கைகோத்து நிற்கின்றன! குணாவின் அப்பா மட்டும் அந்த ரப்பர் மர நிரையிலேயே கிடக்கிறார்.

போன மாதம் ஈப்போவில் ஒரு கோப்பிக் கடையில் நானும் குணாவும் புதியவர்கள் இருவரோடு ஆடினோம். தடுப்புக்குப் பின்னால் நான் சொன்ன எண்ணை ஒருவர் சந்தேகித்தார். குணாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவன சந்தேகப்படாதீங்கலா! எங்கப்பா சாவுறப்பகூட எனக்காக ஒரு எண்ணு கூட்டிச் சொல்லாதவன் இவன்!"

நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பகடையை உருட்டினேன்.