பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்

அம்மாவின் ஆபரேஷனைத் தணிகாசலம் கெடுத்துவிட்டாராம். நங்கநல்லூரில் இருக்கும் என் சித்தி மகள் கீர்த்தி சொன்னாள். அவளுக்குச் சொன்னவர் எங்கள் மந்தைவெளி வீட்டின் கீழ்த்தளத்துக்காரர்.

"நெஞ்சுல பேட்டரி வெக்கலாமான்னு பெரியம்மா அந்தாள்கிட்டதான் யோசனை கேட்டாங்களாம். வேணாம்னுட்டாராம்க்கா."

அம்மாவின் இதயம் நடுநடுவே நின்று நின்று ஓடுகிறது. குளியலறையில் ஒருமுறை மயங்கி விழுந்தாள். பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது. நான் டப்ளினிலிருந்து தினமும் கெஞ்சுகிறேன், தமிழில் விளக்கும் வீடியோக்களைத் தேடித் தேடி அனுப்புகிறேன். "பாப்போம்" என்கிறாள். அந்தப் 'பாப்போம்' யார் கொடுத்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

தணிகாசலம் எங்கள் தெரு இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். அடையாற்றங்கரையில் பிறந்தவர். பையனாகப் பேட்டரிக் கடையில் சேர்ந்தார். கரையோரக் குடிசைகளை அரசாங்கம் காலி செய்தபோது வீடு பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டது. மனைவி தேவானை அங்கே இட்லிக்கடை போட்டிருக்கிறாள். இவர் மட்டும் ஸ்கூட்டரில் கேன்களைக் கட்டிக்கொண்டு இன்னும் மந்தைவெளிக்கு வருகிறார். ஊற்றுகிற வேலை சிறிது. அதற்குப் பின் வரும் காபியும் பேச்சும் பெரிது.

"ஓட்டு கேக்க வரவன்கிட்ட கொள்கை இன்னான்னு கேக்காதம்மா. தெருவுல நிக்கிற மழத்தண்ணி எறைக்க எத்தினி மோட்டார் வெச்சினுகீறன்னு கேளு" என்பார்.

"ஏஐயா? அது நம்ம ஹவுஸ் ஓனர் மாதிரி. தெரியாதுன்ற வார்த்த மட்டும் வாயில வராது."

மழைக்கு முன்னால் செல்போன் சூடாகும் என்பதும் அவர் கண்டுபிடிப்புதான். நான் மின்பொறியியல் படித்தவள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அம்மாவிடம் மெனக்கெட்டு விளக்கினேன். "அவர் சொன்ன அன்னிக்குப் பெஞ்சுதே" என்றாள்.

என்னோடு பேசும்போது அம்மா "சாப்டியா, குளிரா" என்பதோடு நின்றுவிடுவாள். அவர் வந்திருக்கும் நேரத்தில் போன் செய்தால், கூடத்தில் அவள் சிரிக்கிற சத்தம் முதலில் கேட்கும். எனக்கு எரியும். எங்கள் வீட்டில் காபிப்பொடி எந்த டப்பாவில் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

கீர்த்தி போனை வைத்ததும் அம்மாவை வீடியோவில் அழைத்தேன். திரையில் தணிகாசலம்.

"அம்மா காபி கலக்கினுகீறாங்க. சொல்லு பாப்பா."

"ஆபரேஷன் வேணாம்னு எதுக்கு அம்மாகிட்ட சொன்னீங்க?"

"நானா? உங்கம்மாதான் வேணாம்னு இருந்தாங்க. ஏன்னு நீ கேட்டியா?"

"பயம்தான்."

"இன்னா பயம்?"

அம்மா டம்ளரோடு வந்தாள். "அதெல்லாம் அவகிட்ட எதுக்கு? விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் விடவில்லை.

"உன் வீடியோல பேட்டரி, பேட்டரின்னு சொல்லிச்சுல்ல? நான் மூடியத் தொறந்து தண்ணி ஊத்தற பேட்டரிதானே அவங்க பாத்துக்கீறாங்க? மூணு மாசத்துக்கு ஒருவாட்டி நெஞ்சத் தொறந்து ஊத்துவாங்களா, ஆசிட் கசியுமா, உப்பிக்குமான்னு கேட்டாங்க. இது வாச்சு பேட்டரி சாதிம்மா, சீல் போட்டது, தண்ணியே கேக்காதுன்னேன். அப்ப வெச்சுக்கறேன்னுட்டாங்க. வியாழக்கெழம அட்மிஷன்."

"வியாழக்கிழமையா? எனக்குச் சொல்லவே இல்லையேம்மா!"

"இன்னிக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ ஓடி வராதே. இவர் என்கூட வர்றேன்னுட்டார்."

"இதை என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"நீ படிச்சவ. சிரிச்சிருவே."

"இவர் சிரிக்கலையா?"

"சிரிச்சார். அவர் சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துருது."

அவர் உண்மையிலேயே கெடுத்திருந்தால்கூட எனக்குத் தேவலை. வாய் வலிக்கத் திட்டியிருப்பேன். நான் மாதக்கணக்கில் தலைகீழாக நின்றும் நடக்காததை ஒரு காபி நேரத்தில் நடத்திவிட்ட மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? "தேங்க்ஸ்" என்றேன். அது என் காதுக்கே நன்றாக இல்லை.

இன்று வியாழன். எனக்குக் கிடைத்த விமானம் நாளைக்குத்தான். காலையில் கீர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றுவிட்டு ஆபீஸ் ஓடினாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்முன் அம்மா தோட்டையும் போனையும் கழற்றி, பக்கத்தில் நின்ற அவளைத் தாண்டி, தணிகாசலத்தின் கையில் கொடுத்தாளாம். கீர்த்தி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் முடியும் என்று சொன்ன நேரம் தாண்டிவிட்டது. அம்மாவின் எண்ணை அழுத்துகிறேன். எடுத்தால் அவர் குரல்தான் கேட்கும். உலகத்தில் இந்த நிமிடம் அந்தக் குரலைத் தவிர எனக்கு வேறெதுவும் வேண்டாம். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறேன்.

அடித்துக்கொண்டே இருக்கிறது.