உவர் ஏறிய கிணறும் எங்கள் கத்தரியும்

ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி கிடந்தது. உடைந்த போத்தல், மீன் செதில், செத்த கோழி என்று பக்கத்து ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில் இருந்த சனம் வேலிக்கு மேலால் எறிந்ததெல்லாம் அதற்குள்தான். எண்பதுகளில் வேலையில்லாமல் வீட்டில் குந்தியிருந்த எங்கள் ஐந்து பேருக்குத் தோட்டப் பயிற்சி தருவதாக ஊர்ச் சங்கம் சொன்னபோது, கிடைத்த இடமும் அதுதான். "படிச்ச பிள்ளை குப்பை பொறுக்கவோ போறாய்?" என்று அம்மா கேட்டார். எனக்குக் கோபம் மூக்கின்மேல் வந்தது. அடுத்த நாள் விடியவே மண்வெட்டியோடு போய் நின்றேன்.

காணி பக்கத்து வீட்டு லொறிக்காரருடையது. சித்திரை வருசப் பிறப்புக்குள் காய் பிடித்தால் தோட்டம் தொடரலாம், இல்லாவிட்டால் லொறிக்குக் கொட்டில் போடுவேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தோட்டம் தொடர்ந்தால்தான் எங்களுக்குச் சம்பளத்தோடு வேலை. எனக்கு அந்த வேலை வேண்டும். வேறொன்றும் வேண்டாம், அது வேண்டும்.

நாங்கள் ஒரு பக்கத்தால் குப்பை அள்ள, மறுபக்கத்தால் மீன் தலை வந்து விழும். "ஐயோ, ஆரது?" என்று கத்துவேன். லொறிக்காரரின் மனைவி வேலிக்கு அப்பால் நின்று சிரிப்பார். "பசளைதானே பிள்ளை, தாட்டு விடும்!" எருவாக மண்ணுக்குள் தாட்டோம். பூவரசங் குழையையும் சேர்த்துத் தாட்டு, தை மாதம் கத்தரியும் வெண்டியும் நட்டோம்.

கன்று பூத்தபோது எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை. அந்தச் சந்தோசப் புளுகத்தில்தான் பிழை நடந்தது. தீவுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே கொஞ்சம்தான் நிற்கும், கீழே உப்பு. வாளியால் ஆறுதலாக, கொஞ்சம் கொஞ்சமாக அள்ள வேண்டும். பயிற்சி தந்த ரீச்சர் யாழ்ப்பாணம் போயிருந்த நாளில், எங்களில் ஒருவன் வேலணையிலிருந்து மாமாவின் தண்ணீர் மெசினைக் கொண்டுவந்தான். ஒரே காலையில் கிணற்றை அடிவரை இறைத்தோம். சனம் வேலியோரம் நின்று பார்க்க, எங்களுக்கு ஒரே பெருமை. அடுத்த நாள் ஊறியது முழுக்க உவர். வேறு தண்ணீர் இல்லாததால் அதையே ஊற்றினோம். இலைகளின் விளிம்பு கருகத் தொடங்கியது.

ரீச்சர் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வந்து இலையைத் தடவிப் பார்த்தார், வாளித் தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பினார். அதைவிட ஏசியிருக்கலாம். "இனி மழை பெய்தால்தான் கிணறு திருந்தும்," என்றார் கடைசியில். பங்குனியில் மழைக்கு எங்கே போவது? நான் வரம்பில் குந்தியிருந்து ஓவென்று அழுதேன்.

"ஏன் பிள்ளை அழுறீர்?" லொறிக்காரரின் மனைவி. "கிணறு உவராப் போச்சு அக்கா," என்று விக்கி விக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வேலிப் பொட்டுக்குள்ளால், ஓலை விலகிய ஓட்டைக்குள்ளால், ஒரு குடம் வந்தது.

"அரிசி கழுவின தண்ணி. ஆட்டுக்கு வைச்சிருந்தனான், அது இண்டைக்குக் கோவிக்கட்டும். இவருக்குச் சொல்லிப்போடாதையும்."

மறுநாள் எதிர் வீட்டிலிருந்து ஒரு வாளி வந்தது. பிறகு ஒழுங்கை முழுவதும் குசினியில் சமையலுக்குக் கழுவிய தண்ணீரைச் சேர்த்துக் கொண்டுவந்தது. தண்ணீர் தந்த வீடு ஒவ்வொன்றும் இரண்டு கன்றைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. அதன் பிறகு குப்பை விழவில்லை. எறிந்தால் தன் கன்றின் மேலல்லவா விழும்! "என்ர கத்தரி ஏன் வாடிக் கிடக்கு? என்ன பாக்கிறியள் நீங்கள்?" என்று எங்களுக்கே ஏச்சு விழுந்தது. அந்த ஏச்சு எனக்குச் சந்தோசமாக இருந்தது.

வருசப் பிறப்புக்கு முதல் நாள் லொறிக்காரர் வந்தார். கத்தரி காய்த்துத் தொங்கியது. வெண்டி தப்பவில்லை. கருகிய பாத்திகளையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அரைவாசி செத்துப் போச்சே. இதை நம்பிக் காணி விட ஏலாது."

ரீச்சர் வாயைத் திறப்பதற்குள், வேலிப் பொட்டுக்குள்ளால் குடத்தோடு குனிந்து வந்தார் அவர் மனைவி.

"உமக்கென்ன இஞ்ச வேலை?" என்றார் லொறிக்காரர்.

மனைவி திரும்பியும் பார்க்கவில்லை. கன்றுக்கு ஆறுதலாகத் தண்ணீர் ஊற்றினார். "இது என்ர கத்தரி. லொறி விட இடமில்லையெண்டால் குசினிக்குள்ளை கொண்டந்து விடுங்கோ. நான் இஞ்ச வந்து சமைக்கிறன்."

வேலிக்கு அப்பால் ஒழுங்கையே சிரித்தது. லொறிக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி, லொறி ரோட்டிலையே நிக்கட்டும்," என்றவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கறிக்கு ரெண்டு காய் பிடுங்கித் தாரும்."

எனக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ!

"அது அக்காவின்ர கத்தரி," என்றேன். "அவவிட்டைக் கேளுங்கோ."