வால் விழுந்த தகைவிலான்கள்

அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, எந்தப் பதிவேட்டையும் அப்படியே நம்பக்கூடாது என்று தெரியும். நான் எழுதிய முதலாவது பதிவேடே பொய்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கு முன்னாலிருந்த தந்திக் கம்பியில் ஐப்பசி பிறந்ததும் தகைவிலான் குருவிகள் வந்து வரிசையாக இருக்கும். அவற்றைப் பிரித்தறியும் முறை பள்ளிக்கூடச் சுவரில் படமாகத் தொங்கியது. வால் இரண்டு நீண்ட இழைகளாகப் பிரிந்திருந்தால் ஆண். அது குட்டையானால் பெண். வாலும் குட்டை, தொண்டைச் சிவப்பும் மங்கல் என்றால் குஞ்சு.

அந்த வருடம் அப்பா கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே ஒரு கந்தோரில் எழுதுவினைஞர், கோப்புகளில் எழுதுகிற உத்தியோகம். நான் குருவி எண்ணுவதைக் கண்டு, கொப்பியில் ஆண், பெண், குஞ்சு என்று மூன்று நிரல் கோடிட்டுத் தந்தார். ஞாயிறுதோறும் பக்கத்தின் அடியில் ஒப்பமிட்டு, பழக்கதோஷத்தில் அதன் கீழே 'எழுதுவினைஞர்' என்றும் எழுதுவார். குருவிகளுக்கு இவ்வளவு ஒழுங்கான நிருவாகம் வேறெங்கும் கிடைத்திராது.

கார்த்திகை போனது, மார்கழியும் போனது, லீவு முடியவில்லை. அம்மா அவருடைய நீளக் காற்சட்டைகளை அழுத்தி மடித்து அலுமாரியில் வைத்தபடி இருந்தார். அப்பா சாரம் கட்டியபடி வாசல் படலையடியில் நின்றார்.

சந்திக் கடைக்காரர் சீனி நிறுத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "என்னடாப்பா, கொப்பருக்கு இன்னும் லீவோ? எங்களுக்கும் உப்பிடி ஒரு கந்தோர் பாத்துத் தரச் சொல்லு."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து, அப்பா எப்போது திரும்பிப் போவார் என்று அம்மாவைக் கேட்டேன்.

"கடிதம் வரும்," என்றார்.

கடிதம் எப்போதோ வந்துவிட்டது. அவரை வேலையிலிருந்து நீக்கிய கடிதம். அந்த வகைக் கடிதங்களைப் பிற்காலத்தில் நானே வரைந்திருக்கிறேன். மூன்று பந்திக்கு மேல் தேவைப்படாது.

தை மாதம் ஆண்களின் நிரல் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு ஞாயிறு பூச்சியமாயிற்று. பெண்களின் நிரல் பெருத்திருந்தது.

"அப்பாக்கள் எல்லாம் போட்டினம்," என்றேன்.

அப்பா உள்ளங்கையை விரித்தார். நீண்ட, மெல்லிய வால் இறகு ஒன்று. "போகேல்லை மோனை. இது வேலியடியிலை கிடந்தது. வால் விழுந்திட்டுது, அவ்வளவுதான். உதுக்குள்ளை அப்பாக்களும் இருக்கினம்."

"வால் இல்லாட்டி அது அப்பாவே? ஆர் நம்புவினம்?"

பள்ளிக்கூடச் சுவர்ப் படம் என் கட்சியில் இருந்தது. அப்பா கொப்பியை வாங்கி, அந்தப் பூச்சியத்தைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு ஒப்பமிட்டார். அதன் கீழே 'எழுது' என்பது வரை வந்த பேனை நின்றது. அதைக் கோடிட்டு வெட்டினார். வெட்டிய இடத்தில், விதிப்படி, சுருக்கொப்பமும் இட்டுத் தந்துவிட்டு உள்ளே போனார்.

பங்குனியில் குருவிகளின் வால்கள் மறுபடி நீண்டன. அவர் சொன்னதே சரி. ஆனால் அன்று எனக்கு விளங்கியதெல்லாம், என் துப்புரவான பக்கத்தை அவர் பழுதாக்கிவிட்டார் என்பதுதான். அழிறப்பரை எச்சிலில் நனைத்துத் தேய்த்தேன். மை போகவில்லை. தாளில் ஓட்டை விழுந்தது.