இரண்டு பெவன்கள், ஒரு கல்யாணம்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கோயிலில் என் அண்ணனுக்கு ஓலை வாசித்தார்கள்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் போதகர் சபை முன்னால் படிப்பார். தடை சொல்ல நினைப்பவர்கள் சொல்லலாம். யாரும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் விசிறிக்கொண்டிருப்பார்கள்.

“பிரிக்பீல்ட்ஸ் யாக்கோபு பெவன் குமாரன் டேனியல் பெவனுக்கும், கிள்ளான் சாலமன் பெவன் குமாரத்தி கிரேஸ் பெவனுக்கும்...”

விசிறிகள் நின்றன.

பெண் பார்த்து, பேசி முடித்து, மோதிரம் வரை வாங்கியாகிவிட்டது. அதுவரை இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குடும்பப் பெயர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் அப்பா ஊருக்கெல்லாம் ஃபிட்டர் யாக்கோபு. ரயில்வே குவார்ட்டர்ஸில் போய் பெவன் வீடு எது என்று கேட்டால் ஆள் கிடைக்காது. கிரேஸின் அப்பா போர்ட் கிடங்கில் கிளார்க் சாலமன். பெவன் என்பது ஆபீசும் ஞானஸ்நானமும் மட்டும் அறிந்த பெயர். பெட்டிக்குள் இருக்கும் கோட்டு மாதிரி.

ஓலை கேட்பதற்காகவே கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருந்தார் கிரேஸின் அத்தை ரெபேக்கா அம்மாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எங்கள் அப்பாவிடம் நேராக வந்தார். ஒரே பெயர் என்றால் ஒரே வம்சம். ஒரே வம்சம் என்றால் பங்காளி. பங்காளி என்றால் அண்ணன் தங்கை. கணக்கு அவ்வளவுதான்.

“அண்ணனுக்குத் தங்கச்சியக் கட்டி வைக்க நாங்க என்ன வெள்ளக்காரங்களா?” என்றார்.

இரண்டாவது ஓலை நிறுத்தப்பட்டது. விசாரித்து முடிவு சொல்கிறோம் என்று கிள்ளான்காரர்கள் போய்விட்டார்கள். அன்று மத்தியானம் அண்ணன் சோறு வேண்டாம் என்றான். காய்ச்சல் வந்தபோதுகூட அவன் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அப்போதுதான் விஷயத்தின் கனம் புரிந்தது.

நான் வரைபட ஆபீசில் ட்ரேசர். கோடுகளைப் பார்த்து அப்படியே பிரதி எடுக்கும் வேலை. வேலைக்கு வந்த முதல் நாள் ‘மிஸ் பெவன்’ என்று ஒரு வெள்ளைக்காரி வருவதாக நினைத்து மேஜைமேல் டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தேன். டீ உள்ளே போய்விட்டது. இந்தப் பெயர் எங்களுக்கு எப்படி வந்தது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது மூன்று கேள்விகள் இருந்தன. பெயர் எந்த ஊருடையது? அங்கே பெவன் எல்லாரும் சொந்தமா? எங்கள் இருவீட்டாரிடமும் எப்படி வந்து சேர்ந்தது?

முதல் இரண்டுக்கும் எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேனே பதில் சொன்னார். அவர் வேல்ஸ்காரர். இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் முகம் சிவக்கும். அவர்களுக்குத் தனி மொழி உண்டு.

வேல்ஸில் ஒரு காலத்தில் குடும்பப் பெயரே கிடையாதாம். நம்மைப் போலத்தான். அப்பா பெயரைச் சொல்வார்கள், அடையாளம் போதாவிட்டால் தாத்தா பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். இவான் என்பவரின் மகன் ‘அப் இவான்’. நம்முடைய யோவான்தான் அந்த இவான். பிறகு இங்கிலீஷ் சட்டம் வந்தது. கோர்ட்டுக்கு இத்தனை நீளம் ஆகவில்லை. ஆளுக்கு ஒரே பெயர் கேட்டது. அந்தச் சமயத்தில் யார் அப்பாவாக இருந்தாரோ அவர் பெயரே நிலைத்துவிட்டது. இப்படி ஊருக்கு ஊர் இருந்த இவான்களின் பிள்ளைகள் எல்லாரும், ‘அப் இவான்’ சுருங்கி, பெவன் ஆனார்கள். நிலக்கரிச் சுரங்கம் திறந்ததும் மலைக் கிராமங்களை விட்டு இறங்கி வந்தார்கள். சிலர் கப்பலேறினார்கள். அவருடைய தெருவில் பாதி வீடு பெவனாம் — பால்காரப் பெவன், ரொட்டிக்காரப் பெவன் என்றுதான் ஆள் சொல்ல வேண்டுமாம்.

அவர்களுக்குள் கல்யாணம் நடக்குமா என்று கேட்டேன். நடக்காவிட்டால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் கிள்ளானுக்குப் போனோம். சாலமன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வேல்ஸ் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். நன்றாகச் சொன்னதாகவே நினைத்தேன்.

“அது அவங்க ஊரு நாயம்லா. நம்ம ஜனத்துக்கு ஆகுமா?” என்றார் ரெபேக்கா அம்மாள்.

நியாயமான கேள்வி. அப்போதுதான் அப்பா பேசினார். எங்கள் வீட்டில் அவர் ஒருநாளும் சொல்லாத விஷயம்.

“எங்கப்பாவுக்குப் பெத்தவங்க யாருன்னே தெரியாதும்மா. தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சித்தொட்டி வாசல்ல கெடந்த பிள்ள. தின்னவேலி மிஷன் போர்டிங்ல கொண்டு விட்டாங்க.”

அந்தக் காலத்தில் சீமைச் சபைக்காரர்கள் ஒரு அநாதைப் பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு வைக்க வேண்டிய பெயரையும் சேர்த்து அனுப்புவார்களாம். வேல்ஸில் பெவன் என்று ஒரு புண்ணியவான். அவர் இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார். வேறு வேறு ஊரிலிருந்து வந்த பிள்ளைகள். போர்டிங்கில் ஒருவன் பெரிய பெவன், ஒருவன் சின்ன பெவன். பெரிய பெவன் எங்கள் தாத்தா.

சாலமன் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். “சின்ன பெவன் எங்கப்பாதான்” என்றார்.

மூன்றாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. ரத்த சம்பந்தம் இல்லை, பங்காளி இல்லை, தடை இல்லை. நான் மனதில் கோடு போட்டு முடித்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

“சரி... அப்ப நீங்க என்ன ஆளுங்க?” என்றார் ரெபேக்கா அம்மாள்.

அந்தக் கேள்வி எங்களை மட்டும் கேட்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவரும் சின்ன பெவனின் மகள்தானே? கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து யாராவது சாதி விசாரித்தால் எங்கள் வீட்டில் ஒரே பதில்: நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். அவர்கள் வீட்டிலும் அதே பதில்தான் என்று பிற்பாடு கிரேஸ் சொன்னாள். கேட்டவர்கள் பெவன் என்ற பெயரையும் பார்த்துவிட்டு, பெரிய இடமாக இருக்கும் என்று போய்விடுவார்கள். பெயர் ஒரு நல்ல கதவு. இப்போது கல்யாணத்துக்காக அந்தக் கதவைத் திறந்தாகிவிட்டது — உள்ளே பார்த்தால் ஒன்றுமே இல்லை.

சாலமனுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. பெயர் கொடுத்தவர் ஒருவர், ஆகவே இரண்டு பிள்ளைகளும் சகோதரர்கள், சம்பந்தம் சரிவராது என்று சொல்லிவிடலாம். கல்யாணம் நிற்கும், கதவும் மூடிக்கொள்ளும். அவர் அதைத்தான் யோசித்தார் என்று நினைக்கிறேன். குனிந்து, கீழே வைத்த காப்பியை மறுபடி எடுத்தார்.

சமையலறை வாசலில் நின்ற கிரேஸ்தான் பேசினாள். தமிழ்ப் பள்ளியில் டீச்சர். குரலை உயர்த்தும் பழக்கம் இல்லை.

“பேரு ஒண்ணுன்னு வேணாம்னீங்க. இப்ப ஆளு வேற வேறன்னு வேணாம்னு சொல்லப் போறீங்களாப்பா?”

சாலமன் நிமிர்ந்து தன் அக்காவைப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே பஞ்சத்துல கஞ்சித்தொட்டியில வாங்கிக் குடிச்சவங்க. இதுக்கு மேல என்னக்கா விசாரணை?”

ரெபேக்கா அம்மாள் எழுந்து போய் எங்களுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார். அதுதான் பதில்.

போன சனிக்கிழமை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் என் எதிர்வரிசையில் பந்திங் ஊரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், பரிமாறிக்கொண்டிருந்த ரெபேக்கா அம்மாளை நிறுத்தி, பத்திரிகையில் ரெண்டு பக்கமும் பெவன்னு போட்டிருக்கே, எப்படி என்று விசாரித்தார். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

ரெபேக்கா அம்மாள் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“தெரியாதா? சொந்தத்துலதான் குடுத்திருக்கோம்.”

அதற்குப் பிறகு, என்ன ஆளுங்க என்று யார் கேட்கப்போகிறார்கள்?