சுவரிலிருந்து ஒரு சாண்

பீரோவைத் திறந்ததும் அந்த வாசனை. நனைந்த அட்டையும் பழைய ரொட்டியும் கலந்த மாதிரி. நான் இப்போது இருக்கும் ஹெப்பகோடியில் ஒரு வாரமாக விடாத தூறல். ஜன்னலைத் திறக்கச் சோம்பல்பட்டதற்குப் பட்டுப்புடவை மடிப்பில் சாம்பல் பொட்டுகள். புடவையை உதறாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உங்களுக்கு எப்படியோ, எனக்கு அந்த வாசனைக்குப் பின்னாலேயே ஒரு மூச்சுச் சத்தம் வரும். மெல்லிய விசில் போல.

ரோஸியின் மூச்சு. வேலைக்கு வந்த புதிதில் விவேக் நகரில் ஒரே அறையில் இருந்தோம். அவள் சர்ச்சில் பாடுவாள். நான் கூடச் சேர்ந்தால், "குக்கர் சத்தமே போதும்டி, நீ வேறயா?" என்பாள். அவள் கட்டிலோரச் சுவரில்தான் பூஞ்சை. முதலில் விரல்நுனி அளவு; போகப்போக, யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி.

துடைத்தோம். ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்த ஞாயிறு அவளுக்கு மூச்சே நின்றுவிடப் பார்த்தது. அப்புறம் சோப்புத் தண்ணீர், காய்ந்த துணி. ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதை விட்டோம். நடுங்கிக்கொண்டே ஜன்னலைத் திறந்து வைத்தோம். முதுகு காட்டியவர் வெளியூர் போனவர் போலத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மாடியில் வீட்டு ஓனர். அவர் குளியலறைக் குழாய் அந்தச் சுவருக்குள்தான் இறங்கியது.

"அங்கிள், உள்ள பைப் ஒழுகுது. செவுத்த ஒடச்சுப் பாருங்க."

"மழைன்னா செவுரு வேர்க்கும்மா. பெயின்ட் அடிச்சுத் தர்றேன், பளபளன்னு ஆயிடும்."

அடித்தார். அடுத்த மழைக்கு வெள்ளைக்குள்ளிருந்து முதுகு எழுந்து வந்தது. ரோஸி பாட நின்று முதல் வரியிலேயே இருமி உட்கார்ந்தாள். "இந்த ரூம்ல இனி ஒரு மழைகூட வேணாம்" என்றார் டாக்டர். நாங்கள் வேறு வீடு தேடுவதற்குள் மூச்சுத்திணறல் முந்திக்கொண்டது. கிருஷ்ணகிரியிலிருந்து அவள் அக்கா வந்து அழைத்துப்போனாள்.

அவள் போன பிறகு ஓனர் சுவரை உடைத்தார். குழாயில் நகம் நுழைகிற விரிசல். சுவர் காய்ந்தது, சுண்ணாம்பு உதிர உதிரக் காய்ந்தது. திரும்பி வா என்று சொல்லப் போன் செய்தேன். அக்கா எடுத்தாள். ரோஸியின் அடக்கம் முந்தின வாரமே முடிந்திருந்தது.

இப்போது அந்த வீடும் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி பதித்த நாலு மாடி. சுவர் போயிற்று, சுவரில் உட்கார்ந்தவர் எங்கே போனாரோ. என் பீரோ மட்டும் சுவரைவிட்டுத் தள்ளி நிற்கிறது. "என்னங்க, பீரோ ஹாலுக்கு நடந்து வருது?" என்று வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

அக்காவோடு கிளம்பிய அன்று, ஆட்டோவில் ஏறிய ரோஸி தலையை வெளியே நீட்டினாள். சொல்லுக்குச் சொல் நடுவே அந்த விசில்.

"என் கட்டில் போனதும் பீரோவ அந்தச் செவுத்தோட ஒட்டி வச்சிராத. ஒரு சாண் விடு. அதாச்சும் நல்லா மூச்சு விடட்டும்டி."